இருபத்தெட்டு பிஸ்கட்

என் அக்காவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படிச் சொல்பவர்கள் கடை வைத்துப் பிழைக்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அக்கா எடையளவு ஆய்வாளர். பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவாள். தராசு சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. காய்கறிக் கடைக்காரர்கள் அவளுக்கு ‘கிராம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “கிராம் வருது!” என்று தெருமுனையில் ஒருவர் குரல் கொடுத்தால் போதும், கடைசிக் கடை வரைக்கும் தட்டுகளைத் துடைக்கிற சத்தம் கேட்கும். கூடப்பிறந்த தம்பி என்று எனக்கும் சலுகை கிடையாது. என் பேக்கரித் தராசுக்கே இரண்டு முறை சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். இரண்டாவது முறை, “மாவு படிஞ்சு கெட்டியாயிருக்கு. துடைக்கக்கூட உனக்கு உடம்பு வணங்காதாடா?” என்று வேலையாட்கள் எதிரிலேயே கேட்டாள்.

அதையும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் கேட்டாள். தராசை நான்தான் வெளியே தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அவள் என் கடைக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது, ஏனென்றால் நான் ரொட்டி சுடுகிறவன், அவளுக்குக் கோதுமை ஆகாது.

ஆகாது என்றால் ஒரு ஏப்பம் விட்டுச் சுடுதண்ணீர் குடித்தால் சரியாகிற சமாச்சாரம் இல்லை. சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவள் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் கொதித்தெழும். எழுந்து, கோதுமையோடு நிறுத்திக்கொள்ளாமல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய இழைகள் எல்லாம் தேய்ந்து உள்சுவர் தட்டையாகிவிடும். முப்பத்தாறு வயதில் எலும்பும் தோலுமாகி, அலுவலக மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் இது தெரிந்தது. அதற்கு முன்னால் பார்த்த நான்கு டாக்டர்களும் மனக்கவலை என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அக்காவுக்கு மனக்கவலை வந்தால் அது எதிரில் இருப்பவருக்குத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து பதினோரு வருஷம். தனி வாணலி, தனிக் கரண்டி, தனி அலமாரி. நான் அக்கா வீட்டுக்குப் போவதானால் தலைக்குக் குளித்து, சட்டை மாற்றி, செருப்பை வெளியே விட்டுத்தான் போவேன். நகக்கண்ணில் மாவு இருக்கிறதா என்று மாமா பார்ப்பார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படிப்பார். அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில் படிக்கிறாள், அவளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

மாமாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் அலுவலகத்தில் ஒரு பிரிவுபசார விருந்து. சூப் கெட்டியாக வரட்டும் என்று யாரோ ஒரு கரண்டி கோதுமை மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள், கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் அக்கா குளியலறைத் தரையிலேயே கிடந்தாள். மாமா அவளைத் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனபோது ஒரு துணிமூட்டை அளவுதான் கனம் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அக்காவுக்கோ வலியைவிட ஒரு வாக்கியம்தான் அதிகம் கசந்தது. ‘பார்த்துச் சாப்பிடுங்க.’ டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத் தோட்டக்காரர் வரைக்கும் எல்லோரும் அதையே சொல்வார்கள். “பதினோரு வருஷமா பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப்போச்சு. தப்பு பண்றது என் செல்லு, தண்டனை எனக்கா?” என்று கத்துவாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் போய்வருகிற மருத்துவமனையில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதிக்கப் போகிறார்கள், விருப்பமிருந்தால் வரலாம் என்று. மாமாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற பெண்.

“இப்ப நீங்க கோதுமையை விலக்கி வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான். நோய் உள்ளேயே இருக்கு,” என்றார் டாக்டர். “எதிர்ப்புச் செல்லுங்கிறது காவல்காரன் மாதிரி. திருடனைப் பிடிக்க வேண்டியவன், பால் கொண்டுவர்றவரைப் போட்டு அடிக்கிறான். அந்த அடிதடில உங்க வீட்டுச் சுவரே இடியுது.”

“நான் பதினோரு வருஷமா பால்காரரை ஒளிச்சு வெச்சிட்டிருக்கேன்.”

“ஆமா. நாங்க காவல்காரன்கிட்ட பேசிப் பாக்கறோம். கோதுமைப் புரதத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளுக்குள்ள வெச்சு ரத்தத்துல ஏத்துவோம். அதைப் பாத்துப் பழகி, இது நம்ம ஆளுதான்னு அந்தச் செல்லெல்லாம் அடங்கணும். அடங்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது.”

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “அவனை வேலையை விட்டே தூக்கிட மாட்டீங்களே?”

“மாட்டோம். அப்புறம் நிஜத் திருடன் வந்தா யாரு பிடிக்கறது? மத்த வேலையெல்லாம் அவன் பாக்கணும். கோதுமையை மட்டும் விட்டுடணும்.”

இத்தனை வருஷமாக எல்லோரும் அவள் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதன்முறையாக ஒருவர் அடிக்கிறவனைப் பார்த்துப் பேசுகிறார்.

பிறகு முறையைச் சொன்னார். ஒரு வாரம் இடைவெளியில் இரண்டு முறை கையில் டிரிப் ஏற்றுவார்கள். மொத்தம் முப்பத்து நான்கு பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அதற்கப்புறம் எல்லோரும் பதினான்கு நாள், நாளுக்கு இரண்டாகக் கோதுமை பிஸ்கட் சாப்பிட வேண்டும். ரத்தத்தையும் குடலையும் சோதித்து, செல்கள் சண்டைக்கு வந்தனவா என்று பார்ப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

மாமா முதன்முறையாக வாய் திறந்தார். “உப்புத் தண்ணி ஏறினவங்களும் கோதுமை சாப்பிடணுமா? இது அநியாயம் இல்லையா?”

டாக்டர் பதில் சொல்வதற்குள் அக்கா திரும்பினாள். “ஒரு தட்டுல மட்டும் சாமானை வெச்சா எப்படிங்க எடை போடறது? எதிர்த்தட்டுலயும் ஏதாவது இருக்கணும்ல?”

டாக்டரின் பேனா மூடி அப்படியே நின்றது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். இந்த மருந்து அந்தச் செல்களை அடக்குகிறதா இல்லையா என்பது தன் உடம்பிலேயே நேராகத் தெரிய வேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வயிறு வலித்தாலும் பரவாயில்லை, மழுப்பல் இருக்கக் கூடாது.

இரண்டு டிரிப்பும் ஏறின. ஒரு தகர டப்பாவில் இருபத்தெட்டு பிஸ்கட் கொடுத்தனுப்பினார்கள். ஒவ்வொன்றும் இருபது கிராம் என்று மூடியில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பா வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் ஆரம்பிக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் மாமா என் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“மாப்ளே, இதே மாதிரி கோதுமை இல்லாம செய்ய முடியுமா?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நடிக்கத்தான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

“மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவா.”

“உரிக்கட்டும். உயிரோட இருந்து உரிக்கட்டும். அந்த மூணு நாளை நீ பாக்கலை. நான் பாத்தேன்.”

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. என் உள்ளங்கையில் எந்நேரமும் இருக்கிற மாவு அவளுக்கு விஷம் என்பது பதினோரு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. அவளுக்காக என் கையால் ஏதாவது செய்யக் கிடைத்த வாய்ப்பு அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். முட்டாள்தனத்துக்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஆய்வுக்குப் போயிருந்தாள். நான் இரண்டு தடவை குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் சமையலறையிலேயே வேலையை ஆரம்பித்தேன். புதுத் தட்டு, புது உருளை. அரிசிமாவு, உருளைக்கிழங்கு மாவு, நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கின சர்க்கரை. ஒவ்வொரு உருண்டையையும் நிறுத்துத்தான் தட்டினேன். சுட்டு முடித்து அசலுக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்கே எது எது என்று தெரியவில்லை. மாமா அசல் பிஸ்கட்டுகளைத் தன் கருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். “குப்பைல போட்டா மாவு பறக்கும்,” என்றார். அந்த நிலைமையிலும் ஜாக்கிரதை.

திங்கட்கிழமை காலை அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள். பதினோரு வருஷம் கழித்துத் தன் அக்கா கோதுமை சாப்பிடுகிறதை ஒரு ரொட்டிக்காரன் பார்க்க வேண்டாமா என்றாள். பிஸ்கட்டை முகர்ந்து பார்த்தாள். ஒரு கடி கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“அடச்சே! இவ்வளவுதானா? இதுக்காகவா உலகமே பைத்தியமா அலையுது?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அசடு வழியச் சிரித்தேன்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் அக்கா ஆபீசிலிருந்து போன் செய்து, “டேய், வயித்துல ஒரு வலியும் இல்லைடா, கல்லு மாதிரி இருக்கேன்!” என்றாள். நான்காவது நாள் பாடிக்கொண்டே குளித்தாள் என்று மாமா சொன்னார். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. எங்கள் திட்டத்தில் இந்த இடத்தை மட்டும் நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. அவள் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தோம். வலியில்லாவிட்டால் குணமாகிவிட்டதாக நம்புவாள் என்று இரண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை.

ஆறாவது நாள் மருத்துவமனையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். வாசலில் நிற்கவில்லை. முகத்தில் துணியும் இல்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து, மாவு மூட்டைமேல் உள்ளங்கையை வைத்து, “எவ்வளவு மெத்துன்னு இருக்குடா!” என்றாள். அந்த அறையில் காற்றே கோதுமை. அவள் கையைப் பிடித்து இழுத்து, “வெளியே போ, தரை வழுக்கும், வேலை கெடுது!” என்று கத்திக்கொண்டே தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். வேலையாட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும், “பொறாமைடா உனக்கு. நாளைக்கு உன் ரொட்டியைத் தின்னுட்டுக் குறை சொல்லுவேன்னு பயம்,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் எதையும் எடை போட்டுப் பார்க்கிறவள். மாத்திரை, கடிதம், என் மகன் பிறந்தபோது போட்டிருந்த காலுறை வரைக்கும். எட்டாவது நாள் ஆபீசில் புதிதாக ஒரு பாக்கெட் தராசு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சோதித்துப் பார்க்க, இருபது கிராம் என்று எழுதியிருந்த பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மறுநாள் அவள் ஆபீசுக்கு லீவு போட்டாள். மதியம் என்னை வரச் சொன்னாள். மாமா ஏற்கெனவே சாப்பாட்டு மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் தராசு, பக்கத்தில் டப்பா. அன்று காலை பிஸ்கட்டை அவள் தொட்டிருக்கவில்லை. மிச்சம் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துப் படித்தாள்.

“பத்தொன்பது புள்ளி ஒண்ணு. இருபது புள்ளி ஆறு. பதினெட்டு புள்ளி ஒன்பது. இருபது புள்ளி எட்டு.”

கடை வாசலில் நின்று படிக்கிற அதே குரல். பன்னிரண்டையும் முடித்தாள்.

“மிஷின்ல செஞ்சா எல்லாம் ஒரே எடை இருக்கும். இது கை. பச்சை மாவை ஒழுங்கா நிறுத்திருக்கு, வெந்ததுக்கு அப்புறம் நிறுக்கலை. என் அடுப்புல பின்பக்கம் சூடு ஜாஸ்தி. அங்க இருந்ததெல்லாம் காஞ்சு எடை குறைஞ்சிருக்கு.” என்னைப் பார்த்தாள். “பேசுடா.”

மாமாதான் பேசினார். “அவனை விடு. நான்தான் சொன்னேன். என்னால மறுபடியும் உன்னை அப்படித் தூக்கிட்டுப் போக முடியாது.”

அவள் எங்களைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. தராசை அணைத்தாள்.

“எட்டு நாளுங்க,” என்றாள். “எட்டு நாள் நான் நல்லாயிட்டேன்னு நெனச்சேன். ரோட்டுல நடக்கும்போது ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையா பாத்து, இங்க உக்காரலாம், அங்க உக்காரலாம்னு...”

அத்தனை வருஷத்தில் அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாமா எழுந்து போய் அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பி நில்லுங்க,” என்றாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்தோம். அக்கா போலி டப்பாவையும் மாமாவின் கருவிப் பெட்டியிலிருந்த அசலையும் மேஜைமேல் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் பேனா மூடியைத் தொடவே இல்லை.

“இது நீங்களா சொல்லாம எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே,” என்றார் கடைசியில்.

“அதனாலதான் சொல்றேன்.”

“வருத்தமா இருக்கு மேடம். ஆனா விதிப்படி உங்க பேரை எடுத்துடணும்.”

“பேரை எடுத்துக்கோங்க. என் கைல ஏறினதை எப்படி எடுப்பீங்க? அது மருந்தோ தண்ணியோ, உள்ளதான் இருக்கு. செல்லு இன்னும் கோதுமையைப் பாக்கவே இல்லை. இன்னைலேருந்து குடுங்க. ஒன்பது நாள் தாமதம்னு பெருசா எழுதிக்கோங்க. என் தம்பி பிஸ்கட் சுட்டான்னும் எழுதிக்கோங்க, எனக்கு வெட்கமில்லை.”

எனக்கு இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இந்தச் சோதனைகளை மேற்பார்வை பார்க்கிற குழுவிடம் எங்களை அனுப்பினார். மூன்று நாள் கழித்துக் கூடினார்கள். தலைவர் மெதுவாகப் பேசுகிற பெரியவர். “உங்க நல்ல மனசு புரியுதும்மா. நீங்க வீட்டுக்குப் போய், எப்பவும்போல பாத்துச் சாப்பிட்டுப் பத்திரமா இருக்கறதுதான் நல்லது,” என்றார். போச்சுடா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பத்திரமா இருந்து பாத்தாச்சுங்க,” என்றாள் அக்கா. “பதினோரு வருஷம் பத்திரமா இருந்தேன். அந்தச் செல்லு ஒரு நாளாவது திருந்துச்சா? நான் ஒதுங்கி ஒதுங்கிப் போறேன், அது கொழுப்பெடுத்துப் போய் உக்காந்திருக்கு. இன்னிக்கு ஒரு தடவை அதை நேருக்கு நேர் நிறுத்திக் கேக்க வழி கிடைச்சிருக்கு. என் வீட்டு ஆளுங்க பயந்ததுக்கு அந்த வழியை நீங்க அடைக்காதீங்க.”

அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள். பிறகு அனுமதி வந்தது. தவறு நடந்ததைத் தனியாகக் குறித்து, அவளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பிஸ்கட் வீட்டுக்கு வராது. தினமும் காலையிலும் மாலையிலும் மருத்துவமனைக்கு வந்து, நர்ஸ் எதிரில் சாப்பிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். புதிதாக இருபத்தெட்டு.

முதல் நாள் அசல் பிஸ்கட்டைக் கடித்ததும் அக்காவின் புருவம் உயர்ந்தது. என்னைப் பார்த்து, “இதுதான் ருசி. உன்னுது ஒண்ணுமே இல்லைடா,” என்றாள். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு வலித்தது. ஒத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியமே வாந்தி. மூன்றாம் நாள் வயிறு பானைபோல் உப்பியது. ஐந்தாம் நாள் ஆய்வுக்குப் போன மீன்கடையில் முக்காலியில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பதறிப்போய் விசிறிவிட்டார். அம்மாவுக்கு முடியவில்லை, இன்று தப்பித்தோம் என்று நினைத்திருப்பார். அவள் வயிற்றைப் பிடித்தபடியே ஒரு கையால் சிவப்புச் சீட்டு எழுதி நீட்டினாள்.

மாமா தினமும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி. ஒன்பதாம் நாள், நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. டாக்டரே ஓடிவந்தார்.

“மேடம், போதும். எப்ப வேணா நிறுத்தலாம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

“என் இஷ்டம் இருந்தா நிறுத்தலாம்னுதானே எழுதியிருக்கு? எனக்கு இஷ்டமில்லை.”

“வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு எவ்வளவு?”

“ஏழு. ஏழரைன்னு போட்டுக்கோங்க.” சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை வாயில் போட்டாள்.

மாமா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். வாயைத் திறந்து நர்ஸிடம் காட்டினாள். மீதி நாட்களும் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு போயின. இருபத்தெட்டாவது பிஸ்கட் முடிந்த மறுநாள் எண்டோஸ்கோபி. குடல் பழையபடி தேய்ந்திருந்தது. அது மீண்டும் தேறி, அவள் கன்னத்தில் சதை பிடிக்க ஏழெட்டு மாதம் ஆனது.

அந்த மாதங்களில் நான் ஒன்றையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். அவளுக்கு ஏறியது மருந்துதான், அது தோற்றுவிட்டது, இனி அவள் ஆயுசு முழுக்கப் பால்காரரை ஒளித்துவைக்க வேண்டியதுதான் என்று. மாமாவும் அதையேதான் நினைத்தார்.

பதினான்கு மாதம் கழித்து, யாருக்கு என்ன ஏறியது என்ற ரகசியத்தைப் பிரித்துவிட்டோம், வாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டார். அதே அறை, அதே மூன்று நாற்காலி. டாக்டர் ஒரு தாளை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்களுக்கு ஏறினது உப்புத் தண்ணி.”

மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “அப்ப அந்தப் பதினாலு நாள் அவ பட்டதெல்லாம் வீணா?”

“வீணா?” டாக்டர் நிமிர்ந்தார். “சார், அந்தப் பக்கம் மொத்தமே பதினேழு பேர். இவங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? மருந்தே இல்லாம பதினாலு நாள் கோதுமை சாப்பிட்டு நல்லா இருந்தாங்கன்னு எழுதியிருப்போம். உப்புத் தண்ணியும் மருந்தும் ஒண்ணுதான்னு ஆக்கற பக்கம் அது இழுத்திருக்கும். மருந்து ஏறினவங்கள்ல சில பேருக்கு அந்தச் செல்லு நிஜமாவே அடங்கியிருக்கு. சில பேருக்கு இல்லை. இன்னும் நிறைய பேரை வெச்சுப் பாக்கணும். ஆனா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது.”

அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளை விடுவிக்கக்கூடிய ஒரே மருந்தை அரிசிமாவால் கொல்லப் பார்த்திருக்கிறேன். அதை அக்காவிடம் அங்கேயே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“அப்ப என்கிட்ட மருந்து இன்னும் தோக்கலையே!” என்றாள். “அது இன்னும் உள்ளேயே வரலை!”

டாக்டர் சிரித்தார். உப்புத் தண்ணீர் ஏறியவர்களுக்கு அடுத்த சோதனையில் அசல் மருந்தே தரப்போகிறார்கள். அதிலும் டிரிப், அதிலும் பதினான்கு நாள் கோதுமை. “யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா படிவத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

மாமா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். “இந்தத் தடவை நானே என் கையால பிஸ்கட்டை எடுத்துத் தர்றேன்.”

“வேணாம். உங்க கையை நம்ப முடியாது. நர்ஸ் குடுப்பாங்க,” என்று சொல்லி, அவர் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்.